துருவே காவல்
உடையார்பாளையத்து நண்பர், பரணில் கிடைத்த பழைய கைத்துப்பாக்கியை மெருகேற்றலாமா என்று கேட்டார். மரப்பிடியில் கறையான் அரித்த குழி. விசை துருவேறி அசையவில்லை. 1751-இல் ரஞ்சன்குடிப் பக்கம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்ட சீமை, கதை கட்ட யாருக்குத்தான் ஆசை வராது! எனக்கு நினைவுக்கு வந்ததோ 1959 ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான் அதில் விலக்கு. உயிர் கொடுத்தால் உரிமம் கேட்பார்கள். அதைவிட, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குழாயில் மங்கலாகத் தெரியும் இரண்டெழுத்து முத்திரையும் போய்விடும். முதலில் காவல் நிலையத்தில் காட்டுங்கள், பிறகு லேசாக எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள் என்றேன். அவர் மனைவிக்குத்தான் ஏமாற்றம். புளி போட்டு விளக்கிய குத்துவிளக்காய்ப் பளபளக்கும் என்று நினைத்திருந்தாராம்.