அழுகுணி ஆட்டம் வேண்டாமே!

குட்டீஸ்... பிரிஸ்பி தட்டை உங்களுக்குத் தெரியும். ஒருவர் வீச, இன்னொருவர் ஓடிப் பிடிப்பார். அதே மாதிரியான தட்டை வைத்துக்கொண்டு கோல்ப் போல ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர், டிஸ்க் கோல்ப். அமெரிக்காவில் வளர்ந்த இந்த ஆட்டத்தை பின்லாந்து, சுவீடன் போன்ற நாடுகளிலும் ஏராளமானோர் ஆடுகின்றனர்.

கோல்பில் பந்தைக் குழிக்குள் தள்ள வேண்டும். இதிலோ, இரும்புச் சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் தட்டு விழ வேண்டும். முதல் வீச்சில் தட்டு எங்கே விழுந்ததோ, அங்கிருந்து தான் அடுத்த வீச்சு. பெரும்பாலும் 18 கூடைகள் இருக்கும். எல்லாவற்றையும் குறைந்த வீச்சுகளில் முடிப்பவரே வெற்றியாளர்.

இதை ஆடுபவர்களில் இரண்டு கட்சி உண்டு. 'விதிப் புத்தகத்தில் உள்ளபடி தான் ஆடணும்' என்பது ஒரு கட்சி. 'பூங்காவில் பொழுதுபோக்கா ஆடறோம். இதுக்கு எதுக்கு விதி?' என்பது இன்னொரு கட்சி.

யார் சொல்வது சரி? விதியைத் தளர்த்துவதில் தப்பே இல்லை. எப்போது தளர்த்துகிறோம் என்பதில் தான் எல்லாம் இருக்கிறது என்பேன் நான். ஏன் தெரியுமா?

டிஸ்க் கோல்ப் பிறந்ததே விதி இல்லாமல் தான். 1960களில் அமெரிக்கப் பிள்ளைகள் மரம், விளக்குக் கம்பம், குப்பைத் தொட்டி என்று கண்ணில் பட்டதை எல்லாம் குறியாக வைத்து, தட்டு வீசி விளையாடினர். 1975ல், எட் ஹெட்ரிக் என்பவர், கலிபோர்னியா மாநிலத்தின் ஓக் குரோவ் பூங்காவில் இதற்கென்றே ஒரு திடல் அமைத்தார். அங்கே முதலில் நட்டது வெறும் கம்பங்களைத் தான். கம்பத்தில் தட்டு பட்டால் முடிந்தது கணக்கு!

அங்கே தான் வந்தது வம்பு. 'பட்டுது!', 'படவே இல்லை!' என்று ஒரே வாக்குவாதம். அந்தச் சண்டை அலுத்துப் போய்த் தான், சங்கிலிக் கூடையை உருவாக்கினார் ஹெட்ரிக். தட்டு சங்கிலியில் மோதி கூடைக்குள் விழுந்து கிடந்தால், யார் மறுக்க முடியும்? 1977ல் இதற்குக் காப்புரிமையும் பெற்றார். அதற்கு முந்தைய ஆண்டான 1976ல், பி.டி.ஜி.ஏ., என்ற டிஸ்க் கோல்ப் சங்கத்தையும் தொடங்கி விட்டார். இன்று போட்டிகளுக்கான விதிகளை வகுப்பது அந்தச் சங்கம் தான்.

பார்த்தீர்களா? விதி என்பது யாரையோ மிரட்டுவதற்காக வந்தது அல்ல. சண்டையில் வீணாகும் நேரத்தை மிச்சப்படுத்தி, ஆட்டத்தைத் தொடர்வதற்காக வந்தது.

அந்த விதிகளில் சிலவற்றைப் பாருங்கள். கூடையில் இருந்து 10 மீட்டருக்குள் நின்று வீசினால், வீசிய பின் தடுமாறாமல் நின்று காட்ட வேண்டும். அதன் பிறகே முன்னால் அடி எடுத்து வைக்கலாம். இல்லாவிட்டால், கூடையை நோக்கிப் பாய்ந்து விழுந்தபடியே வீசி, ஆளுக்கு ஒரு மீட்டரைத் திருடி விடுவரே!

உங்கள் முறை வந்தால், 30 விநாடிக்குள் வீச வேண்டும். புதரில் தொலைந்த தட்டைத் தேட மூன்று நிமிடம் தான். அதற்குள் கிடைக்கவில்லை என்றால், கணக்கில் ஒரு வீச்சு கூடும். காரணம், பின்னால் மற்றவர்கள் காத்திருக்கின்றனர்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். பெரிய போட்டிகளில் கூட, ஒவ்வொரு குழுவின் பின்னாலும் நடுவர் நடந்து வர மாட்டார். ஆடுபவர்களே ஒருவரை ஒருவர் கவனித்து, தவறு நடந்தால் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கூடை முடிந்ததும், தன் வீச்சுகளின் எண்ணிக்கையை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். தப்பான கணக்கை எழுதிக் கொடுத்தால், இரண்டு வீச்சு கூடுதலாகச் சேர்த்து விடுவர். நேர்மையை நம்பியே நடக்கும் ஆட்டம் இது!

அப்படியானால், பூங்காவில் ஜாலியாக ஆடுபவர்களும் இத்தனை விதிகளையும் பின்பற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. ஐந்து வயதுத் தங்கை பாதி தூரத்தில் இருந்து வீசட்டும். முதன்முதலாக ஆட வந்தவருக்கு, 'அது கணக்கில் இல்லை. மறுபடி வீசு' என்று ஒரு வாய்ப்பு தரலாம். இதற்கு, 'மல்லிகன்' என்று பெயர். கோல்பில் இருந்து வந்த சொல். போட்டியில் இதற்கு இடமே இல்லை. நண்பர்களுக்குள் தாராளமாக உண்டு. இப்படி விட்டுக்கொடுப்பதால் தான் சின்னவரும், பெரியவரும் சேர்ந்து ஆட முடிகிறது. நம் ஊரில் சின்னப் பிள்ளையை, 'உப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக் கொள்வோமே, அது மாதிரி.

ஆனால், இப்படி நடந்தால்?

குழுவில் பெரிய அண்ணன் ஒருவர் வீசிய தட்டு குளத்தில் விழுகிறது. 'சும்மா தானே ஆடறோம்...' என்று சிரித்து, மறுபடி வீசுகிறார், கணக்கிலும் சேர்க்கவில்லை. அடுத்து, சின்னப் பையன் ஒருவனின் தட்டும் அதே குளத்தில் விழுகிறது. 'குளம் எல்லைக்கு வெளியே. ரூல்ஸ்படி உனக்கு ஒரு வீச்சு கூடும்' என்கிறார் அதே அண்ணன். பையன் வாயடைத்து நிற்கிறான்.

இது ஜாலி ஆட்டமா? இல்லை, அழுகுணி ஆட்டம்!

முதலிலேயே பேசி முடிவு செய்யாத ஆட்டத்தில், யாருக்குக் குரல் பெரிதோ, அவர் சொல்வது தான் விதி. அதில் தோற்பது எப்போதும் சின்னவர்களும், கூச்ச சுபாவம் உள்ளவர்களும், புதிதாக வந்தவர்களும் தான். நாளைக்கு அந்தப் பையன், 'நான் வரலை' என்று வீட்டிலேயே உட்கார்ந்து விடுவான். ஒரு கூடையில் தோற்பதை விட, ஒரு நண்பனை இழப்பது பெரிய நஷ்டம் இல்லையா?

எனவே, விதியைத் தளர்த்த ஆசையா? முதல் தட்டு பறப்பதற்கு முன்னரே பேசி விடுங்கள். 'ஆளுக்கு ஒரு மல்லிகன். குளத்தில் விழுந்தால் ஒரு வீச்சு கூடும்' என்று இரண்டே வரி போதும். எல்லாருக்கும் சம்மதமா என்று கேளுங்கள். கடைசி வரை அதை மாற்றாதீர்கள்.

ஆனால், எந்த ஆட்டத்திலும் தளர்த்தக் கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று, பாதுகாப்பு. இந்தத் தட்டு கெட்டியான பிளாஸ்டிக். நன்றாக வீசத் தெரிந்தவர் கையில், 100 மீட்டரைத் தாண்டிப் பறக்கும். பூங்காவில் நடந்து போகும் பாட்டிக்கு உங்கள் ஆட்டத்தைப் பற்றி எதுவும் தெரியாது. வழியில் ஆள் இருந்தால், வீசாமல் காத்திருங்கள்.

இரண்டாவது, கணக்கு. நாலு மல்லிகன் எடுத்து ஆடி விட்டு, '54 வீச்சில் முடிச்சேன்' என்று பெருமை அடிக்காதீர்கள். விட்டுக்கொடுத்து ஆடியதை அப்படியே சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

தெருவில் நீங்கள் ஆடும் கிரிக்கெட்டும் இப்படித் தானே குட்டீஸ்? 'ஒன் பிச் கேட்ச் அவுட்டா, இல்லையா?' என்று பேட்டைக் கையில் எடுக்கும் முன்பே கேட்டு விடுங்கள். கேட்ச் பிடித்த பிறகு கேட்டால், அது விதி அல்ல, சண்டை!