விடுதி வீடாகும்போது

திருவள்ளுவர் இல்லறத்தானின் கடமைகளை வகுத்துரைக்கும்போது விருந்தோம்பலுக்கெனத் தனியோர் அதிகாரத்தையே ஒதுக்கினார். 'விருந்து' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பதே பொருள். முன்பின் அறியாதவராய் வாயிலில் வந்து நிற்பவரே விருந்தினர், உறவினர் அல்லர். அத்தகைய புதியவருக்கெனத் தமிழர் வீட்டின் முன்னே திண்ணை வைத்தனர். திண்ணை போதாதபோது சத்திரம் கட்டினர். சத்திரங்களும் போதாத காலத்தில், கூலி பெற்று இடந்தரும் தங்கும் விடுதிகள் தோன்றின.

இவ்வரிசையில் கடைசியாக வந்த விடுதிகள் இன்று நகரங்களின் நடுவிடத்தை விட்டு மெல்ல மறைந்து வருகின்றன. சில இடிக்கப்படுகின்றன. வேறு சில, சுவரும் கூரையும் அப்படியே நிற்க, உள்ளே அடுக்கு வீடுகளாகப் பிரிக்கப்பட்டுத் தனித்தனியே விற்கப்படுகின்றன. பழைய கட்டடம் தப்பியதே என்று மகிழ்வோர் உளர். அம்மகிழ்ச்சி முழுமையானதா என்பதே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய வினா.

சேர்வராயன் மலையடிவாரத்துப் பாப்பிரெட்டிப்பட்டியில் இருக்கும் நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நம் ஊரில் வரலாற்றுப் புகழ்பெற்ற விடுதி எதுவும் இல்லை என்பது உண்மையே. ஆனால் விடுதியின் தேவையை அறிந்தவன் அஃது இருக்கும் ஊரில் வாழ்பவன் அல்லன், அவ்வூருக்குப் போகவேண்டியவனே. பொம்மிடியில் இரவு ரயிலேறிச் சென்னைக்குச் செல்லும் நம்மவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். அரசுப் பொது மருத்துவமனையில் நோயாளியைக் காட்டச் செல்வோர், உயர்நீதிமன்றத்தில் வழக்குடையோர், அரசுப் பணித் தேர்வாணையத்தின் நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் இளைஞர் ஆகியோரே அவருள் மிகுதி. அவர்களுக்குக் குளிக்கவும் உடைமாற்றவும் இரண்டு இரவு கண்ணயரவும் நகரின் நடுவில் ஓரிடம் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் மனைவியின் சிகிச்சைக்காகச் சென்னை சென்றார். நாமும் உடன் சென்றோம். முப்பது ஆண்டுகளாகத் தமக்குப் பழக்கமான ஒரு விடுதிக்கு அவர் நம்மை நேரே அழைத்துச் சென்றார். முகப்பு மாறவில்லை, படிக்கட்டும் மாறவில்லை. ஆனால் வாயிற்காவலர் எழுந்து வந்து, "எந்த வீட்டுக்குப் போகவேண்டும்?" என்று கேட்டார். பெரியவருக்கு விடை சொல்லத் தெரியவில்லை. முன்பு அதே வாயிலில் கேட்கப்பட்ட கேள்வி, "எத்தனை நாள் தங்குவீர்கள்?" என்பது. விடுதிக்கும் குடியிருப்புக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இவ்விரண்டு வினாக்களில் அடங்கிவிடுகிறது எனலாம். ஒன்று புதியவரை எதிர்பார்த்து நிற்கும் வாயில். மற்றொன்று தெரிந்தவரை மட்டும் உள்ளே விடும் வாயில்.

பம்பாய் தரும் பாடம்

விடுதி குடியிருப்பாக மாறிய கதைக்கு நம் நாட்டிலேயே பழைய சான்று ஒன்று உண்டு. பம்பாயின் காலா கோடா பகுதியில் உள்ள வாட்சன் விடுதியே அது. ஜான் வாட்சன் என்னும் துணி வணிகர் அதனைக் கட்டுவித்தார். ரோலண்ட் மேசன் ஆர்டிஷ் என்னும் பொறியாளரின் வடிவமைப்பின்படி இங்கிலாந்தில் வார்க்கப்பட்ட இரும்புத் தூண்களும் உத்தரங்களும் கப்பலேறி வந்து, 1860களின் இறுதியில் இங்கே பொருத்தப்பட்டன. இந்தியாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய வார்ப்பிரும்புக் கட்டடங்களுள் அதுவும் ஒன்று. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் அசையும் படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டதும் அங்கேதான்.

அவ்விடுதி ஐரோப்பியருக்கு மட்டுமே உரியதாயிருந்தது என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். அது எல்லாருக்கும் திறந்த வாயில் அன்று. 1960களில் விடுதி மூடப்பட்டு, அறைகள் தடுக்கப்பட்டு, சிறு வீடுகளாகவும் அலுவலகங்களாகவும் வாடகைக்கு விடப்பட்டன. பெயரும் மகேந்திரா மேன்ஷன் என்றும், பின்னர் எஸ்பிளனேடு மேன்ஷன் என்றும் மாறிற்று. அருகில் நீதிமன்றங்கள் இருந்தமையால் வழக்குரைஞர்கள் பலர் அங்கே அலுவலகம் வைத்தனர். ஒருகாலத்தில் இந்தியரை உள்ளே விடாத கட்டடத்தில் இந்தியக் குடும்பங்கள் அடுப்பு மூட்டி வாழ்ந்தன. இதில் ஒரு நீதி இருக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் நடந்தது என்ன? பம்பாய் மாநிலத்தின் 1947ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் குடியிருப்போரைக் காத்தது. ஆனால் வாடகை உயராமற் போகவே, பழுதுபார்க்கும் ஆர்வம் உரிமையாளர்க்கு இல்லாமற் போயிற்று. தமக்குச் சொந்தமல்லாத கட்டடத்திற்குக் கைப்பொருளைச் செலவிட வாடகைதாரரும் முன்வரவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் தடுப்புச் சுவருக்கு உட்பட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டனர். தூணையும் கூரையையும் மாடத்தையும் பார்ப்பாரில்லை. 2005இல் மாடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்து ஓர் உயிர் போயிற்று. உலக நினைவுச்சின்ன நிதியம் தன் 2006ஆம் ஆண்டு அபாயப் பட்டியலில் அக்கட்டடத்தைச் சேர்த்தது. 2019இல் குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர். இடிப்பதா, காப்பதா என்னும் வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்றது.

பகுத்துக் கொடுப்பது எளிது. பகுக்க முடியாதவற்றை யார் காப்பது என்பதே அரிது. வாட்சன் விடுதி நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

நியூயார்க் தரும் பாடம்

வாடகைக்கு விட்ட கதை இவ்வாறாயிற்று. விற்பனைக்கு விட்டால் என்ன நேரும் என்பதை நியூயார்க் நகரின் பிளாசா விடுதியிற் காணலாம். 1907இல் திறக்கப்பட்ட அவ்விடுதியை 2004இல் ஒரு நிலவணிக நிறுவனம் 67 கோடியே 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டே அதனை மூடி, பெரும்பகுதியை விலையுயர்ந்த வீடுகளாக்கத் திட்டமிட்டது. எதிர்த்து முதலில் எழுந்தவர்கள் வரலாற்றாசிரியர்கள் அல்லர். வேலையிழக்கவிருந்த விடுதித் தொழிலாளர்களே. அறை துடைப்போரும் உணவு பரிமாறுவோரும் தம் தொழிற்சங்கத்தின் வழியே போராடினர். நகரத் தந்தையின் தலையீட்டால் 2005இல் உடன்பாடு ஏற்பட்டது. ஒரு பகுதி விடுதியாகவே நீடிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அதே ஆண்டில், வெளிமுகப்புக்கு ஏற்கெனவே இருந்த பாதுகாப்பு, பேர்பெற்ற உட்கூடங்கள் பலவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது. 2008இல் விடுதி மீண்டும் திறக்கப்பட்டபோது, முன்பு ஏறத்தாழ 800 ஆக இருந்த அறைகள் 282 ஆகக் குறைந்திருந்தன.

அந்நகரின் மற்றொரு பெருவிடுதியான வால்டார்ப் அஸ்டோரியாவும் இவ்வழியே சென்றது. 1931இல் திறக்கப்பட்ட அக்கட்டடம் 2017இல் மூடப்பட்டது. 1,400க்கு மேற்பட்ட அறைகள் இருந்த இடத்தில், 2025இல் மீண்டும் திறந்தபோது 375 அறைகளே விடுதிக்கு மிஞ்சின. எஞ்சியவை ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான தனி வீடுகளாயின.

இவ்விரு விடுதிகளும் ஏழைக்கு உரியவை அல்ல. ஆயினும் அவற்றிலிருந்து ஓர் உண்மை விளங்குகிறது. மாற்றத்தை முற்றிலும் தடுக்க முடியாதபோதும், அதற்கு நிபந்தனை விதிக்க முடியும். ஆனால் நிபந்தனைகள் தாமாக வருவதில்லை, கேட்டவர்களாலேயே வந்தன.

மறுப்பாரின் நியாயம்

உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. விடுதி நடத்துவோர் அன்னசத்திரம் நடத்தவில்லை. நகர நடுவில் மனையின் விலை வானளாவ உயர்ந்துவிட்டபோது, அறை வாடகையை மட்டும் நம்பிப் பழங்கட்டடத்தைப் பேணுவது கடினம். வீடுகளாக்காவிட்டால் அவர் இடித்தே விடுவார். நகர நடுவில் வாழ வீடு தேடுவோரும் மனிதரே. இடித்துப் புதிதாகக் கட்டுவதைக் காட்டிலும், இருக்கும் கட்டடத்தைப் பயன்படுத்துவது செங்கலையும் சிமென்டையும் மிச்சப்படுத்தும். இவையனைத்தும் ஏற்கத்தக்க வாதங்களே.

ஆகவே நாம் வேண்டுவது தடையன்று, ஒழுங்கே. பொதுமக்கள் நூறாண்டு காலம் நடந்து தேய்த்த படிக்கட்டுக்கு உரிமையாளரின் பத்திரம் மட்டுமே வரலாறு ஆகாது. அவ்விடுதிக்குப் பெயர் தந்தவர் அங்கே தங்கியவர்கள். இன்று அவ்வீடுகள் 'புகழ்பெற்ற பழைய விடுதி' என்னும் பெயராலேயே கூடுதல் விலைக்கு விற்கப்படுகின்றன. பெயரின் பயனை எடுத்துக்கொள்பவர், பெயர் தந்தவர்க்குச் சிறிதேனும் திருப்பித் தருதல் முறையன்றோ?

நாம் வேண்டுவன

முதலாவதாக, தெருவை நோக்கிய முன்கூடமும் உணவுக்கூடமும் பொதுமக்கள் நுழையத்தக்கனவாக நீடிக்கவேண்டும். இது வாய்மொழி வாக்குறுதியாக இல்லாமல், திட்ட அனுமதியிலும் விற்பனைப் பத்திரத்திலும் எழுதப்பட வேண்டும்.

இரண்டாவதாக, அறைகளில் ஒரு பங்கேனும் வெளியூரார் தாங்கக்கூடிய வாடகையில் தங்கும் இடமாகத் தொடரவேண்டும். மருத்துவமனைக்கும் நீதிமன்றத்துக்கும் அருகில் உள்ள விடுதிகளில் இஃது இன்றியமையாதது.

மூன்றாவதாக, முதல் வீடு விற்கப்படுமுன்பே பராமரிப்புக்கான மூலநிதி ஒதுக்கப்படவேண்டும். நம் மாநிலத்தில் அடுக்குமாடி வீடு வாங்குவோர்க்கு மனையில் பிரிக்கப்படாத பங்கு உண்டு. உரிமை பிரிக்கப்படாதிருப்பது போலவே பொறுப்பும் பிரிக்கப்படாதிருக்க வேண்டும். இல்லையேல் வாட்சன் விடுதியின் கதி வேறிடத்திலும் நேரும்.

நான்காவதாக, விடுதியில் உழைத்தவர்க்கு மாற்றுப் பணியோ தக்க இழப்பீடோ முதலிலேயே உறுதிசெய்யப்பட வேண்டும். நகரத்து விடுதிகளில் இலையெடுத்தும் அறை பெருக்கியும் வாழ்வோர் பலர் நம் மாவட்டம் போன்ற வறண்ட பகுதிகளிலிருந்து சென்றவர்களே.

சட்டங்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாடு மரபுரிமை ஆணையச் சட்டம் 2012இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. 1994ஆம் ஆண்டு அடுக்குமாடி உரிமைச் சட்டத்திற்கு மாற்றாகப் புதிய சட்டமும் நடைமுறைக்கு வந்துள்ளது. முன்னது கட்டடத்தின் பழைமையை நோக்குகிறது. பின்னது வீட்டு உரிமையாளரை நோக்குகிறது. இரண்டுக்கும் இடையே, அக்கட்டடத்தின் வாயிலில் பெட்டியுடன் நிற்கும் வெளியூர்க்காரனை நோக்குவார் யார்?

பொதுவிடம் பொதுவாகவே நீடித்தற்கும் நம் மண்ணில் முன்னுதாரணங்கள் உண்டு. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் பிற்காலத்தில் மாணவர்களின் கல்விக்குப் பயன்பட்டது. சென்னைக் கதீட்ரல் சாலையில் மக்கள் கூடி உண்ட உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகம் 2008இல் மூடப்பட்டது. அவ்விடம் 2010இல் செம்மொழிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. பயன் மாறிற்று, வாயில் மூடப்படவில்லை. வழிப்போக்கர்க்கெனச் சராய்களும் முசாபர்கானாக்களும் கட்டி, அவற்றை வக்பாக அர்ப்பணித்த முன்னோரின் எண்ணமும் இதுவே. கட்டியவன் மறைந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் நாளை பொறியாளராகலாம், வழக்குரைஞராகலாம், பத்திரம் எழுதும் அலுவலகத்தில் அமரலாம். பழைய விடுதி ஒன்றை வீடுகளாக்கும் வரைபடம் உங்கள் மேசைக்கு வரக்கூடும். அப்போது ஒரு கணம் தயங்கி, அவ்வரைபடத்தில் வாயில் எங்கே இருக்கிறது, அது யாருக்குத் திறக்கிறது என்று பாருங்கள்.

அன்று நம் ஊர்ப் பெரியவர் அந்த வாயிலிலிருந்து திரும்பி, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே இரவைக் கழித்தார். அவர் எவரையும் குறை கூறவில்லை. "முன்பெல்லாம் ஊர் பெயரைச் சொன்னாலே சாவியைக் கொடுத்துவிடுவார்கள்" என்று மட்டும் சொன்னார். நகரங்கள் வளரட்டும், வீடுகள் பெருகட்டும். ஊர் பெயரைச் சொல்லி வருபவனுக்கும் ஒரு சாவி எடுத்துவைக்கப்படட்டும்.