பேயா? வியாதியா?

1993-இல் பாசில் எடுத்த ‘மணிச்சித்திரத்தாழ்’ என்னும் மலையாளப் படத்தை, 2005-இல் பி. வாசு ‘சந்திரமுகி’ என்று தமிழில் எடுத்தார். பேய் என்று வீடே நடுங்கியது மனவியாதிதான் என்பதே கதை. மூலமே உயர்ந்தது என்பார் சிலர். தமிழ்ப் படமே ரசமானது என்பார் சிலர். இரண்டும் பகுத்தறிவுப் படங்கள் என்று மெச்சுவோரும் உண்டு.

நாம் கேட்பது வேறு. வியாதியைக் கண்டுபிடித்தவன் வைத்தியன். தந்திரம் செய்து தெளியவைத்தவனும் வைத்தியன். அப்படியிருக்க, இரண்டு படத்திலும் மந்திரவாதிக்கு அங்கே என்ன வேலை? பார்த்துவிட்டு வருகிறவன், “டாக்டரும் வேண்டும், மந்திரமும் வேண்டும்” என்றுதானே நினைப்பான்?

இது வெறும் சினிமாச் சங்கதியல்ல. 2001 ஆகஸ்ட் 6-இல் இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவுக்குப் போனால் புத்தி தெளியும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள், கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தபடியே தீயில் சிக்கினார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கட்டிவைத்தது பேயா, பேயை நம்பிய மனிதர்களா? எந்த மதத்தின் பேரால் நடந்தாலென்ன?

ஆகையால் தோழர்களே, எந்தப் படம் உசத்தி என்ற வாதம் இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்குப் புத்தி தடுமாறினால் மந்திரிக்கவும் வேண்டாம், கட்டிப்போடவும் வேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.