சொறியும் நாய்க்குத் தபாலில் விடை?

கொஞ்சம் முடியும் எச்சிலும் அனுப்பினால் போதும், ஒவ்வாமைப் பட்டியல் வீடு தேடி வரும் என்கிறார்கள். பட்டியல் வருகிறது. அரிப்புதான் போவதில்லை.

இரவு இரண்டு மணிக்குக் கட்டிலுக்கு அடியிலிருந்து 'டக் டக்' என்று சத்தம். நாய் பின்னங்காலால் காதைச் சொறிகிறது; கால் தரையில் மோதும் சத்தம் அது. காதை விட்டால் முன்பாதம், பாதத்தை விட்டால் தொடை இடுக்கு. நக்கி நக்கியே பாதத்தின் வெள்ளை முடி செம்பட்டையாகிவிட்டது. ஷாம்பு மாற்றியாயிற்று. வேப்பெண்ணெய் தடவியாயிற்று. டாக்டர் போட்ட ஊசிக்கு இரண்டு வாரம் அடங்கிய அரிப்பு, மூன்றாவது வாரம் திரும்பி வந்துவிட்டது. மழைக்காலம் தொடங்கினால் மும்பையிலும் கொச்சியிலும் கொல்கத்தாவிலும் நாய் வளர்க்கும் பல வீடுகளில் இதே கதைதான்.

இந்தக் கட்டத்தில்தான் அந்தச் சோதனைப் பெட்டி கண்ணில் படுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இது நன்றாக விற்கிற சரக்கு. நாயின் முடியில் ஒரு கொத்து கத்தரித்து, அல்லது பஞ்சுக் குச்சியால் எச்சிலைத் தொட்டெடுத்து, உறையில் போட்டு அனுப்பினால் வேலை முடிந்தது. சில நாள்களில் மின்னஞ்சலில் அறிக்கை வந்துவிடும். கோழி, கோதுமை, பால், புல், மகரந்தம், தூசி என்று நூற்றுக்கணக்கான பொருள்கள். எது ஆகும், எது ஆகாது என்று எதிரே குறித்திருக்கும். மருத்துவமனையில் காத்திருக்க வேண்டாம். ஊசி இல்லை. நாய்க்கு வலி இல்லை. எதையும் இணையத்திலேயே வாங்கிப் பழகிவிட்ட இந்திய நகரவாசிக்கும் சபலம் தட்டுவதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அறிக்கையில் இருப்பது அந்த நாயைப் பற்றிய தகவல்தானா? அமெரிக்கக் கால்நடைத் தோல் நிபுணர்களுக்கு இதே சந்தேகம் வந்தது. 2019-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில் அவர்கள் எளிமையான ஒரு பொறி வைத்தார்கள். ஒவ்வாமை இருப்பது உறுதியான நாய்களின் முடியையும் எச்சிலையும் அனுப்பினார்கள். எந்தத் தொல்லையும் இல்லாத நாய்களின் மாதிரிகளையும் அனுப்பினார்கள். கூடவே செயற்கை முடியையும், எச்சிலுக்குப் பதிலாகத் தண்ணீர் அல்லது உப்புநீரையும் நாயின் மாதிரி போலவே உறையில் போட்டு அனுப்பினார்கள்.

முடி இல்லாத நாய்க்கு மட்டுமல்ல, நாயே இல்லாத முடிக்கும் ஒவ்வாமை இருப்பதாக அறிக்கை வந்தது. நோயுள்ள நாய், நோயற்ற நாய், உயிரே இல்லாத பொருள் மூன்றையும் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்தாலும் இதே அளவுக்குத்தான் சரியாக வந்திருக்கும். ஒரே மாதிரியை இரண்டு முறை அனுப்பியபோதும் விடைகள் ஒத்துப்போகவில்லை.

அதே ஆண்டில் வந்த மற்றொரு ஆய்வு, உணவால் எந்தத் தொல்லையும் இல்லாத ஆரோக்கியமான 30 நாய்களை எடுத்துக்கொண்டது. அவற்றின் ரத்தமும் உமிழ்நீரும் உணவு ஒவ்வாமைச் சோதனைக்கு அனுப்பப்பட்டன. நன்றாகத் தின்று நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நாய்களில் பலவற்றுக்கும் 'ஆகாத' உணவுகள் இருப்பதாக விடை வந்தது.

காரணம் புரியாத விஷயமல்ல. ஒவ்வாமை என்பது உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் செய்யும் தவறு. கெடுதல் இல்லாத ஒரு புரதத்தை எதிரி என்று நினைத்து அது போருக்குக் கிளம்புகிறது. இந்தப் போரின் தடயம் தோலிலும் ரத்தத்திலும் இருக்கும், முடியில் இருக்காது. தோலுக்கு வெளியே வளர்ந்த முடி கெராட்டின் என்ற உயிரற்ற புரதம்தான். உமிழ்நீரில் எதிர்ப்புப் புரதங்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் கோழிக்கான எதிர்ப்புப் புரதம் இருப்பதாலேயே கோழியால்தான் அரிக்கிறது என்று ஆகிவிடாது. கோழியைத் தின்று ஜீரணித்துச் சுகமாக இருக்கும் நாயிடமும் அது இருக்கலாம். சில நிறுவனங்கள் முடியின் 'அதிர்வலை'யை அளப்பதாகச் சொல்கின்றன. இன்னும் சில, 'நாங்கள் பார்ப்பது ஒவ்வாமை அல்ல, உணர்திறன்' என்று சிறிய எழுத்தில் போட்டுக் கழன்றுகொள்கின்றன.

இப்படியும் விற்க முடியுமா என்றால், முடியும். அமெரிக்காவில் விலங்குகளுக்கான மருத்துவக் கருவிகளை விற்பனைக்கு விடுவதற்கு முன் எஃப்டிஏ-வின் ஒப்புதல் தேவையில்லை. சோதனை வேலை செய்கிறது என்று முன்கூட்டியே நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லாத சந்தை அது.

அப்படியானால், 'பட்டியலில் இருந்ததை நிறுத்தினேன், நாய் தேறிவிட்டது' என்று சொல்பவர்கள் எல்லாம் பொய் சொல்கிறார்களா? இல்லை. அரிப்பு ஏறி இறங்கும் நோய். நாய் மிக மோசமாகச் சொறியும் வாரத்தில்தான் யாரும் சோதனைக்கு அனுப்புவார்கள். அறிக்கை வருவதற்குள் மழை ஓய்ந்திருக்கலாம், பூக்காலம் முடிந்திருக்கலாம், புதிய உண்ணி மருந்து வேலை செய்யத் தொடங்கியிருக்கலாம். பட்டியலில் பத்து உணவுகள் இருந்தால் அதில் ஒன்று தற்செயலாக உண்மைக் குற்றவாளியாகவும் இருக்கலாம். பெயர் என்னவோ பெட்டிக்குப் போய்ச் சேர்கிறது.

பணம் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். நாள் போவதுதான் ஆபத்து. சொறி நோய்க்குக் காரணமான நுண்பூச்சி தோலைத் துளைத்துக்கொண்டிருக்க, வீட்டில் கோழியையும் கோதுமையையும் நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். அந்தப் பூச்சியில் ஒரு வகை வீட்டிலுள்ள மனிதர்களுக்கும் தொற்றி அரிப்பைக் கொடுக்கும், படர்தாமரையும் அப்படித்தான். அறிக்கையில் சிவப்பாக வந்ததை எல்லாம் நிறுத்தி, வளரும் குட்டியை வெறும் சோற்றில் வைத்து எலும்பும் தோலுமாக்குவது இன்னொரு விபரீதம். ஒன்றும் பலிக்காமல் நாற்றமும் சொறியுமாக இருக்கும் நாய் கடைசியில் தெருவுக்கு வருவதும் உண்டு.

ஆகவே முதல் படி உணவு அல்ல, தோல். இந்தியத் தட்பவெப்பத்தில் அரிப்புக்கு முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மீதும் உண்ணி மீதும்தான் போக வேண்டும். தெள்ளின் எச்சிலுக்கு ஒவ்வாமை உள்ள நாய்க்கு ஒரு சில கடிகளே போதும். இடுப்புக்கு மேலும் வால் அடியிலும் முடி கொட்டிவிடும். அடுத்து, பிளேடால் தோலை லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பழைய சோதனை. நுண்பூச்சி, ஈஸ்ட், பாக்டீரியா ஆகியவற்றை டாக்டர் கண்ணால் பார்த்துச் சொல்ல உதவும் சோதனைகள் இவை. மும்பை பரேல், சென்னை வேப்பேரி, பெங்களூரு ஹெப்பால், லூதியானா ஆகிய இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளுக்கு இது அன்றாட வேலை.

இவை எல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் ஒவ்வாமையின் முறை. அதற்கும் அடையாளங்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் கிளாட் ஃபாவ்ரோவும் சகாக்களும் 2010-ல் தொகுத்த அடையாளங்களைத் தோல் மருத்துவர்கள் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். மூன்று வயதுக்குள் தொடங்கும் அரிப்பு, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே வளரும் நாய், முன்பாதங்களிலும் காது மடலிலும் தொல்லை, ஆனால் காதின் ஓரத்திலும் இடுப்புக்கு மேலும் தொல்லை இல்லாமை ஆகியவை அதில் அடக்கம். ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் வந்தால் சந்தேகம் மகரந்தத்தின் மீது. ஆண்டு முழுக்க என்றால் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி அல்லது உணவு. கடலோர நகரங்களின் ஈரக் காற்று அந்தத் தூசிப் பூச்சிக்குக் கொண்டாட்டம்.

டாக்டர்கள் செய்யும் ரத்தச் சோதனையும் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனையும் வீண் அல்ல. சுற்றுப்புற ஒவ்வாமை என்று நோய் உறுதியான பிறகு, எந்தப் பொருளுக்கு எதிராக ஒவ்வாமைத் தடுப்பூசி தயாரிப்பது என்று முடிவு செய்ய அவை உதவுகின்றன. உணவைப் பொறுத்தவரை அவற்றையும் நம்ப முடியாது என்பதுதான் 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வின் முடிவு.

பின் உணவு ஒவ்வாமையை எப்படித்தான் கண்டுபிடிப்பது? வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. அதைத்தான் நிபுணர்களும் நம்புகிறார்கள். பெட்டியில் வராது, தபாலில் அனுப்ப வேண்டாம். ஆனால் எட்டு வாரம் பிடிக்கும். நாய் இதுவரை தின்றே இராத ஒரு புரதத்தையும் ஒரு மாவுப் பொருளையும் தேர்ந்தெடுத்து, அதை மட்டுமே கொடுத்துப் பார்ப்பது. ஒவ்வாமை உள்ள நாய்களில் 80 சதவீதத்துக்கு மேல் ஐந்து வாரத்துக்குள் தேறுகின்றன. எட்டு வாரம் காத்திருந்தால் 90 சதவீதத்துக்கு மேல் என்கிறது 2015-ல் வெளியான ஆய்வு. பத்து நாள் கொடுத்துப் பார்த்துவிட்டு 'சரிப்படவில்லை' என்று கைவிடுவதில் பொருளில்லை.

எதை விலக்குவது? 2016-ல் 297 நாய்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்ததில் மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருள்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று வந்தது. அவை மேலை நாட்டு நாய்கள். இந்திய வீட்டு நாயின் தட்டில் மாட்டிறைச்சி இருப்பது குறைவு. தயிர் சாதம், பால், சப்பாத்தி, குளுக்கோஸ் பிஸ்கட், கோழி, முட்டை ஆகியவைதான் அதன் தினசரி உணவு. சந்தேகப் பட்டியலும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பசும்பாலை நிறுத்திவிட்டு எருமைப் பால் கொடுப்பது ஏமாற்று வேலை. இரண்டிலும் புரதம் ஏறக்குறைய ஒன்றுதான். மீனே தின்றிராத நாய்க்கு மீனும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் தரலாம். கோவாவிலோ வடகிழக்கிலோ முயல் இறைச்சி கிடைத்தால் அதுவும் ஆகும். சைவ வீடுகளில் வேகவைத்த ராஜ்மா போன்றவற்றை டாக்டரின் யோசனையோடு முயலலாம். எதுவானாலும் வெங்காயம், பூண்டு, மசாலா கூடாது. சமைக்க நேரமில்லாதவர்களுக்குப் புரதத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு உண்டு, விலைதான் அதிகம். 'மீன் மட்டும்' என்று போட்ட சாதாரணக் கடைத் தீனியை நம்பக் கூடாது. லேபிளில் இல்லாத இறைச்சி உள்ளே இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சோதனை தோற்பது சமையலறையில் அல்ல, வரவேற்பறையில். தாத்தா காபியோடு தொட்டுக்கொள்ளும் பிஸ்கட்டில் பாதி நாய்க்குப் போகும். குழந்தை சாப்பிட மறுத்த பராத்தா மேஜைக்கு அடியில் மறையும். வேலைக்கு வரும் அம்மா பாசத்தோடு பால் ஊற்றுவார். வாட்ச்மேன் பன் வைத்திருப்பார். இறைச்சி மணமூட்டிய உண்ணி மாத்திரையும் கணக்கில் சேரும். வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொல்லி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் எழுதி ஒட்டினால்தான் எட்டு வாரம் எட்டு வாரமாக இருக்கும். ஒரு நோட்டில் தினமும் அரிப்புக்குப் பத்துக்கு எவ்வளவு என்று மார்க் போட்டுவந்தால், பிறகு நினைவை நம்ப வேண்டியதில்லை.

அரிப்பு நின்றதும் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிச் சோதனைதான். பழைய உணவைத் திரும்பக் கொடுக்க வேண்டும். சில நாள்களில், அதிகம் போனால் இரண்டு வாரத்துக்குள், அரிப்பு திரும்பினால் உணவுதான் காரணம் என்பது உறுதி. பிறகு கோழி, பால், கோதுமை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தால் குற்றவாளி தனியாக மாட்டிக்கொள்ளும். இதுதான் உண்மைப் பட்டியல். அதில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பெயர்களே இருக்கும்.

பூனைகளுக்கும் இதே முறைதான். ஆனால் பட்டினி போட்டுப் பூனையை வழிக்குக் கொண்டுவர முடியாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே கல்லீரல் கெடும் அபாயம் உண்டு. புதிய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துதான் பழக்க வேண்டும்.

எட்டு வாரம் முடிந்தும் அரிப்பு குறையவில்லை என்றால் உழைப்பு வீண் என்று அர்த்தமல்ல. உணவு நிரபராதி என்று தெரிந்துவிட்டது. இனிப் படுக்கை விரிப்பை வாரந்தோறும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுவது, உலாவி வந்ததும் பாதத்தை ஈரத் துணியால் துடைப்பது, டாக்டரிடம் சுற்றுப்புற ஒவ்வாமைக்கான சிகிச்சையைக் கேட்பது என்று கவனத்தைத் திருப்பலாம். நாய்க்கும் அதன் தயிர் சாதம் திரும்பக் கிடைக்கும்.