விலையில்லாக் காற்றும் விலைவையாப் புகையும்

கடலில் வீசும் காற்றுக்கு எவரும் விலை கேட்பதில்லை. எனினும் ஒரு நூற்றாண்டாகப் பெருங்கப்பல்கள் அக்காற்றை மறந்தே ஓடின. அதனை நினைவூட்டினார் இலரோவெனின், இருந்தனர்!

செருமானியப் பொறிஞர் அந்தோன் பிளெத்னர், 1924-இல் 'புக்காவு' என்னுங் கலத்தின் பாய்மரங்களை அகற்றி, ஏறத்தாழ 15 மீட்டர் உயரமுள்ள இரண்டு உருளைகளை நிறுத்தினார். பொறியால் உருளை சுழலுங்கால், அதன் ஒருபுறத்தே காற்று விரையும், மறுபுறத்தே தளரும். விரையும்புறம் அழுத்தங் குறைதலின், கலம் அப்புறம் ஈர்க்கப்பெறும். 1926-இல் அக்கலம் அத்திலாந்திக்கைக் கடந்து நியூயார்க்கை அடைந்தது. ஆயினும், எரியெண்ணெய் மலிவாயிருந்தமையின் அவ்வமைப்புக் கைவிடப்பெற்றது.

இன்று அவ்வுருளைகள் மீண்டும் கப்பலேறியுள்ளன. 2023-இல் 'பிக்சிசு ஓசன்' என்னுஞ் சரக்குக்கலம், 37.5 மீட்டர் உயர்ந்த இரண்டு இறக்கைப்பாய்களுடன் கடலோடியது. முதல் ஆறு திங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று தொன் எரியெண்ணெய் மிஞ்சியதென அதனை இயக்கியோர் அறிவித்தனர். காற்று ஒன்றே பெருங்கலத்தை முற்றும் ஓட்டாது. ஆனால், எரிப்பதைக் குறைக்கும்.

எனவே, குறை அறிவில் இல்லை, உறுதியிலேயே உள்ளது. மாந்தரால் வெளிப்படும் வெப்பவளிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று பங்கு கப்பல்கள் உமிழ்வன. 2050 அளவில் அதனை நிகரச் சுழியமாக்குவதென 2023-இல் உறுதிகூறிய பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, புகைக்கு விலைவைக்கும் திட்டத்தின்மேல் முடிவெடுப்பதை 2025 அத்தோபரில் ஓராண்டு தள்ளிவைத்தது. புகைப்பவன் விலைகொடாதவரை, விலையில்லாக் காற்றும் அவனுக்கு வேண்டாப்பொருளே! பிளெத்னரின் உருளைகளை மலிவெண்ணெய் ஒருமுறை வென்றது. மறுமுறையும் வெல்ல விடுவதோ?