செபதேயுவை யாரும் விசாரிப்பதில்லை

ஜூன் மாதம் தந்தையர் தினம் வந்தால் எங்கட ஊர்ப் பிள்ளைகளின் ஸ்டேட்டஸ் எல்லாம் ஒரே மாதிரி ஆகிவிடும். வெயிலில் கறுத்த ஒரு கை, வலை இழுத்து வெடித்த விரல், கீழே "தியாகத்தின் மறுபெயர் அப்பா". மார்ச் 19, சூசையப்பர் திருநாள் பூசையிலும் கிட்டத்தட்ட இதையேதான் கேட்போம். நற்செய்தி நூல்கள் நான்கிலும் சூசையப்பர் பேசியதாக ஒரு வார்த்தைகூட இல்லை. அவர் பேசாமல் உழைத்தார், நம்ம அப்பாக்களும் அப்படித்தான் என்று பிரசங்கம் முடியும். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவோம்.

எனக்கு இந்தத் "தியாகம்" என்ற சொல்லில்தான் பிரச்சினை. அப்பாக்களைப் புகழ்வது போல அது அவர்களின் உழைப்பை மூடி மறைக்கிறது என்று நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

நான் கற்பிட்டிப் பக்கத்தில் ஒரு கடற்தொழில் குடும்பத்தில் பிறந்தவள். அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு எழும்பிப் போவார். போகும்போது எங்கள் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போவார், நாங்கள் நித்திரை என்ற நினைப்பில். சனிக்கிழமை இரவு என்ன நடந்தாலும் கடலுக்குப் போகமாட்டார். ஞாயிறு காலை வெள்ளைச் சேட்டைப் போட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார். எவ்வளவு சவர்க்காரம் போட்டாலும் கையில் மண்ணெண்ணெய் வாசம் போகாது. சமாதானம் சொல்லிக் கை கொடுக்கும்போது அந்த வாசம் என் கையிலும் ஒட்டும். சின்ன வயதில் அப்பா என்றால் எனக்கு அந்த வாசம்தான்.

ஓகஸ்ட் மாதத்தில் தலவில் அன்னம்மாள் திருநாள். நாலு நாளைக்குச் சமையல் சட்டி, பாய், தங்கச்சியின் பால்மா எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போய் மரத்தடியில் தங்குவோம். கச்சான் சரை, மஸ்கட், பிளாஸ்டிக் வளையல் என்று கேட்டதெல்லாம் கிடைக்கும். வருசத்திலேயே அப்பா அதிகம் சிரிக்கிற நாட்கள் அவை.

கம்பஸ் வந்து, மீனவர் கடன் பற்றி ஒரு ஒப்படை எழுதும்போதுதான் ஒரு கேள்வி வந்தது. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் எங்கள் பக்கத்து வெளிக்கடல் கொந்தளிக்கும்; பல நாட்கள் தொழில் இல்லை. ஓகஸ்ட் அதற்கு நடுவில் வருகிறது. அப்போ திருநாளுக்குக் காசு எங்கிருந்து வந்தது? அப்பாவிடம் கேட்டேன். "உனக்கெதுக்குப் புள்ள அந்தக் கணக்கெல்லாம்? நீ படி" என்றார். விடாமல் கேட்டதில் சொன்னார்: மீன் வாங்குகிற முதலாளியிடம் முற்பணம். அதை வாங்கினால் அடுத்த பருவத்து மீனை அவருக்கே கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்கு.

என் வளையலின் விலை அப்படித்தான் போட்டது. இதைக் கேட்டு "ஐயோ எவ்வளவு தியாகம்" என்று அழுதிருந்தால் விசயம் அங்கேயே முடிந்திருக்கும். ஏன் ஒரு மீனவருக்கு வங்கியைவிட முதலாளி கிட்டத்தில் இருக்கிறார் என்ற கேள்வி வந்திருக்காது. தியாகம் என்று பெயர் வைத்ததும் கணக்குப் புத்தகம் மூடிவிடும் என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். எங்கள் கரையில் சின்ன ஃபைபர் வள்ளங்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். 2022 ஓகஸ்ட் மாதம் ஒரு லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே இரவில் ஏறியது. அப்பாவின் வள்ளத்துக்கு ஒருதரம் போய்வர ஏறக்குறைய 30 லீட்டர் வேண்டும். முன்பு 2,610 ரூபா, பிறகு 10,200 ரூபா. வலையில் மீன் பட்டாலும் படாவிட்டாலும் இந்தக் காசு கடலில் கரைந்துவிடும். எண்ணெய், ஐஸ் செலவைக் கழித்த பிறகுதான் வள்ளக்காரருக்கும் ஆட்களுக்கும் பங்கு. அந்த மாதங்களில் அப்பா வெறுங்கையோடு வந்த நாட்கள் உண்டு. இராயப்பரும் இரவெல்லாம் வலை போட்டு ஒன்றும் கிடைக்கவில்லை என்று இயேசுவிடம் சொன்னவர்தான். ஆனால் அவர் எண்ணெய்க்குக் கடன் கட்ட வேண்டியிருக்கவில்லை.

இது புதுக் கதையும் இல்லை. 2012 பெப்ரவரியில் மண்ணெண்ணெய் 71 ரூபாவிலிருந்து 106 ரூபாவுக்கு ஏறியபோது சிலாபத்தில் மீனவர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். பெப்ரவரி 15ஆம் திகதி பாதுகாப்புப் படையினர் சுட்டதில் ஒரு மீனவர் செத்துப்போனார். எங்கள் மாவட்டத்தில், எங்கள் காலத்தில் நடந்தது இது. அன்று தெருவில் நின்றவர்களும் அப்பாக்கள்தானே? பேசாமல் உழைக்கிற அப்பாவுக்குப் பூமாலை போடுகிற நாம், வாயைத் திறந்து விலை கேட்ட அப்பாக்களை ஏன் எந்தத் தந்தையர் தினத்திலும் நினைப்பதில்லை?

"அப்பாவே குறை சொல்லவில்லை, உனக்கென்ன?" என்று என் சிநேகிதி கேட்டாள். நல்ல கேள்வி. அப்பாவுக்கு அவருடைய தொழிலில் பெருமை இருக்கிறது. நீரோட்டம் பார்த்து, காற்றுப் பார்த்து, எங்கே வலை விட வேண்டும் என்று அவருக்குத் தெரிவது எந்தக் கம்பசிலும் படிக்க முடியாதது. அதைப் பரிதாபமாக்கினால் அவருக்கே பிடிக்காது. நான் சொல்வதும் அதுதான். பரிதாபம் வேண்டாம், நியாயமான விலை வேண்டும். பேசாமல் இருப்பதே ஆண்பிள்ளைக்கு அழகு என்று கோயிலிலும் வீட்டிலும் சொல்லிச் சொல்லி வளர்த்தால், கஷ்டத்தைச் சொல்லத் தெரியாத ஆட்கள்தான் வருவார்கள். அதில் சிலர் எங்கே போய் மனதை ஆற்றுகிறார்கள் என்று எங்கள் ஊர்த் தவறணைக்கும் தெரியும், அவர்களின் மனைவிமாருக்கும் தெரியும்.

திருச்சபைக்கு விரோதமாக நான் எதுவும் சொல்லவில்லை. ஒரு தொழிலாளியின் கூலி அவன் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று 1891இலேயே பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் எழுதிவிட்டார். 1955இல் 12ஆம் பத்திநாதர் மே 1ஆம் திகதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். ஆகவே சூசையப்பருக்கு இரண்டு திருநாள். மார்ச் மாதத்துச் சூசையப்பருக்கு நம்மிடம் தேரும் பூவும் இருக்கிறது. மே மாதத்துச் சூசையப்பரை நம்ம பங்குகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நற்செய்தியில் எனக்கு மறக்க முடியாத அப்பா ஒருவர் இருக்கிறார், செபதேயு. யாக்கோபும் யோவானும் அழைப்பைக் கேட்டதும் அவரைக் கூலியாட்களோடு படகில் விட்டுவிட்டுப் போனார்கள் என்று மாற்கு எழுதுகிறார். பிள்ளைகள் அப்போஸ்தலர் ஆனார்கள். அடுத்த நாள் செபதேயு என்ன செய்தார், வலையை யார் இழுத்தது, கூலி எப்படிக் கொடுத்தார் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. கம்பசுக்கு வந்த நாங்களும் ஒரு விதத்தில் அப்பாக்களைப் படகில் விட்டு வந்தவர்கள்தான். அதில் குற்றம் இல்லை, அவர்களே தள்ளிவிட்டது. ஆனால் படகில் இருப்பவரை விசாரிக்காமல் இருக்க முடியாது.

அதனால் வருகிற தந்தையர் தினத்தில் போட்டோ போடுவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். அப்பா கடலுக்குப் போகிறவரோ, களப்பில் இறால் பிடிப்பவரோ, வெங்காயத் தோட்டம் செய்கிறவரோ, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போன மாதம் எவ்வளவு செலவு, எவ்வளவு கடன், யாருக்கு, என்ன வட்டிக்கு. முதலில் "நீ படி" என்பார். நாங்கள் படிக்க வேண்டிய பாடமே அதுதான் என்று சொல்லுங்கள்.