பெந்தெகொஸ்தே சபையில் முதல் ஞாயிறு

பெந்தெகொஸ்தே சபைக்கு முதல்முறையாகப் போகிற பலரும் தாங்களாகத் தேடிப் போவதில்லை. யாராவது கூப்பிட்டிருப்பார்கள். கூட வேலை பார்ப்பவர், பக்கத்து வீட்டு அக்கா, ஆஸ்பத்திரியில் அடுத்த கட்டிலில் இருந்தவரின் மனைவி. “ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்துதான் பாருங்களேன்” என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிய பிறகுதான் கவலை பிடிக்கும்: அங்கே என்னென்ன நடக்கும்? நம்மை என்ன செய்யச் சொல்வார்கள்?

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. உண்மையில் பதில் தெரிந்திருக்க வேண்டியது இரண்டாவது கேள்விக்குத்தான்.

கோபுரமும் மணியும் கொண்ட கட்டடத்தை எதிர்பார்த்துப் போகிறவர் தெருவைத் தாண்டிப் போய்விடக்கூடும். பல சபைகள் மளிகைக்கடை மாடியிலோ, தகரக் கூரை போட்ட கூடத்திலோ, வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்திலோதான் கூடுகின்றன. வாசலில் குவிந்து கிடக்கும் செருப்புகள்தான் அடையாளம். உள்ளே பீடமோ, சொரூபமோ, மெழுகுவர்த்தியோ இருக்காது. ஒரு மேடை, ஒரு பிரசங்க மேசை, கீபோர்டு, டிரம் செட், சுவரில் அந்த வருடத்துக்கான வாக்குத்தத்த வசனம், அவ்வளவுதான். கத்தோலிக்கத் திருப்பலிக்கோ சி.எஸ்.ஐ. ஆராதனைக்கோ பழகியவர், அடுத்து என்ன என்று பார்த்துக்கொள்ள ஒரு ஆராதனைப் புத்தகத்தைத் தேடுவார். அப்படி எதுவும் தரமாட்டார்கள்.

பெந்தெகொஸ்தே என்றாலே ஒரே மாதிரி என்று நினைத்துவிடவும் கூடாது. 1920-களில் இலங்கையில் பாஸ்டர் பால் தொடங்கிய சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன், இன்று தி பெந்தெகொஸ்தே மிஷன் என்ற பெயரில் தாம்பரம் இரும்புலியூரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அங்கே வெள்ளை உடை, நகை கிடையாது, ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், முழுநேர ஊழியர்களுக்குத் திருமணம் இல்லை. அதே சென்னையில், சின்னமலையில் 1973-ல் பாஸ்டர் டி. மோகன் தொடங்கிய புது வாழ்வு ஏ.ஜி. (அசெம்பிளிஸ் ஆஃப் காட்) சபையில் ஜீன்ஸ் போட்ட இளைஞர்கள் கிட்டார் வாசிப்பார்கள். ஞாயிறன்று கூட்டம் மாற்றிக் கூட்டம் நடக்கும். பெண்கள் தலையில் முக்காடு போடுவது பெரும்பாலான சபைகளில் உண்டு. போடாமல் வந்த புதியவரை யாரும் வெளியே அனுப்புவதில்லை.

ஆராதனை தொடங்கினால் முதல் ஒரு மணி நேரம் பாட்டுதான். முதலில் வேகமான பாட்டுகள். கைதட்டலும் டம்பரினும் சேர்ந்து கூடம் அதிரும். ஒரே சரணத்தை நான்கு முறை, ஐந்து முறை பாடுவார்கள். வரி தெரியாமல் வந்தவரும் மூன்றாவது முறைக்குள் பாடத் தொடங்கிவிடுவார் என்பது இதிலுள்ள சாமர்த்தியம். பிறகு டிரம்ஸ் அடங்கி, கீபோர்டு மட்டும் மெல்ல இழையும். கண்கள் மூடும், கைகள் உயரும், ‘ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்’ என்று ஒவ்வொருவரும் தன் போக்கில் சொல்லச் சொல்ல அது ஒரே இரைச்சலாகத் திரளும். சிலர் அழுவார்கள். சிலருக்கு உடல் நடுங்கும். பக்கத்து நாற்காலிக்காரர் திடீரென்று எந்த மொழியிலும் சேராத சொற்களை மளமளவென்று கொட்டத் தொடங்குவார். புதியவர் மிரள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அவர்கள் இதை அந்நியபாஷை என்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தில் சீஷர்கள் மேல் பரிசுத்த ஆவி இறங்கியபோது நடந்தது இதுவே என்பது நம்பிக்கை. அன்று வேடிக்கை பார்த்தவர்களில் சிலர், இவர்கள் குடித்திருக்கிறார்கள் என்று சிரிக்க, காலை ஒன்பது மணிதானே ஆகிறது என்று பேதுரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் சொல்லும் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவிலும் 1906-ல் அதே சிரிப்புதான். அடிமைகளாக இருந்தவர்களின் மகனான வில்லியம் சீமோர் அங்கே நடத்திய கூட்டங்களைப் பற்றி அவ்வூர்ப் பத்திரிகை ஏப்ரல் 18 அன்று கேலியாக எழுதியது. நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில் அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கூரையின் கீழ் மண்டியிட்டார்கள். ஆனால், அந்நியபாஷை அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு என்று சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அசூசாவுக்குச் சுமார் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1860 வாக்கில், திருநெல்வேலிச் சீமையில் எழுந்த எழுப்புதலில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் காணப்பட்டதாகப் பதிவுகள் உண்டு. அதன் மையத்தில் இருந்தவர் வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையை உருவாக்கிய ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் என்ற தமிழர்.

ஆகவே சத்தமும் கண்ணீரும் இவர்களுக்கு வழிபாட்டின் இயல்பான மொழி. அதில் ஆபத்து எதுவும் இல்லை. புதியவர் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். எழுந்து நிற்கக்கூடத் தேவையில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். புதியவர் மிரள்வார் என்று முதலில் கவலைப்பட்டவர் பவுல் அப்போஸ்தலரே. கொரிந்து சபைக்கு எழுதிய முதல் நிருபம், 14-ஆம் அதிகாரம்: எல்லாரும் ஒரே நேரத்தில் அந்நியபாஷையில் பேசினால், உள்ளே வருகிற வெளியாள் உங்களுக்குப் பைத்தியம் என்று சொல்ல மாட்டானா என்று கேட்கிறார். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராகப் பேசட்டும், அர்த்தம் சொல்ல ஆள் இல்லையென்றால் பேசாமல் இருக்கட்டும் என்கிறார். வேதத்தில் ஒரு புள்ளியையும் மாற்றக்கூடாது என்று பிரசங்கிக்கும் சபைகள் பல இந்தப் பகுதியை மட்டும் வேகமாக வாசித்துவிட்டுப் போகின்றன.

சத்தத்தைப் பற்றி நீதிமன்றமும் பேசியிருக்கிறது. சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபக்கூடத்தின் டிரம்ஸும் ஒலிபெருக்கியும் தாங்க முடியவில்லை என்று கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் வழக்குப் போட, அது உச்ச நீதிமன்றம் வரை போனது. 2000 ஆகஸ்ட் 30-ல் சபையின் மேல்முறையீடு தள்ளுபடியானது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்து ஜெபிக்கச் சொல்லி எந்த மதமும் சொல்லவில்லை என்றது நீதிமன்றம். தீர்ப்பு எல்லா மதத்துக்கும் பொருந்தும் என்பது அதை வாசித்த எவருக்கும் தெரியும். கோயில் ஒலிபெருக்கிகள் முழங்கும் ஆடி மாதத்தில் அதை யாரும் நினைவுபடுத்துவதில்லை என்பது வேறு கதை.

பாட்டு முடிந்தால் சாட்சி, அதாவது சிலர் தங்கள் அனுபவத்தைச் சொல்வது; பிறகு பிரசங்கம். பிரசங்கம் ஒரு மணி நேரம் என்பது சாதாரணம். தண்ணீர் பாட்டில் கையில் இருப்பது நல்லது.

இனி, என்ன கேட்பார்கள் என்பதற்கு வருவோம். “முதல் தடவையா வந்தவங்க எழுந்து நில்லுங்க” என்று மேடையிலிருந்து அழைப்பு வரும். கைதட்டி வரவேற்று, பெயரும் போன் நம்பரும் எழுத ஒரு சீட்டு நீட்டுவார்கள். அன்பாகத்தான் செய்கிறார்கள். ஆனால் துக்கத்தோடும் கூச்சத்தோடும் வந்தவரை முந்நூறு பேர் முன்னால் நிற்க வைப்பது வரவேற்பா என்று பாஸ்டர்கள் யோசிக்க வேண்டும். வந்தவருக்கு எழுந்து நிற்காமல் இருக்க உரிமை உண்டு. நம்பர் தரவேண்டிய கட்டாயமும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறாக இருந்தால் பல சபைகளில் திருவிருந்து இருக்கும். அப்பமும் திராட்சரசமும் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தவர்களுக்கு மட்டும் என்பது வழக்கம். தட்டு வரும்போது அடுத்தவருக்குக் கடத்திவிட்டால் போதும்.

காணிக்கைப் பை வரும். தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, விசுவாசிகள் தங்கள் சபைக்குத் தருவது. புதியவர் பத்து ரூபாய் போட்டாலும் போடாவிட்டாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை; வைக்கவும் கூடாது. ஆனால், ‘விதை விதைத்தால் நூறு மடங்கு அறுவடை’ என்று சொல்லி, கடனில் மூழ்கி வந்தவரிடமே தொகை சொல்லிக் கேட்கிற மேடைகளும் இருக்கின்றன. அந்த இடத்தில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்புவதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை.

கடைசியில் வியாதியஸ்தருக்கான ஜெபம். “இங்கே முதுகுவலியோடு ஒரு சகோதரி உட்கார்ந்திருக்கிறார்” என்று மேடையில் சொல்வார்கள். முந்நூறு பேர் இருக்கும் கூடத்தில் முதுகுவலி இல்லாத வரிசையைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். எண்ணெய் பூசி, தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள்; தயக்கமாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லலாம். நோயில் தனித்துப் போனவருக்காக ஒரு கூட்டமே கண்ணீர்விட்டு வேண்டுவதைச் சாதாரணமாக ஒதுக்கிவிடவும் முடியாது. பலர் மறு ஞாயிறும் வருவது அதற்காகத்தான். சிக்கல் ஜெபத்துக்குப் பிறகு சொல்லப்படுவதில் இருக்கிறது. சர்க்கரை மாத்திரையை, வலிப்பு மருந்தை, ‘விசுவாசத்தோடு நிறுத்துங்கள்’ என்று ஒருவர் சொன்னால், அவர் மேடையில் நின்றாலும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும், கேட்கக் கூடாது. சில நோய்களை அற்புத முறையில் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்க 1954-லேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. இருந்தும் சுவரொட்டிகள் குறையவில்லை. பொறுப்பான பாஸ்டர்கள் பலர், வீட்டுக்கு வந்து ஜெபிக்கும்போது, “மருந்தையும் விடாம சாப்பிடுங்கம்மா” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். அதை அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மைக்கிலேயே சொல்லலாம்.